மருந்தைப் பூட்டினால் போதுமா?

இந்தப் பகுதியில் வழக்கமாகத் தென்னையில் காண்டாமிருக வண்டு, நிலக்கடலைக்கு ஜிப்சம், கரும்புக்குத் தோகை உரிப்பு என்று பேசிக்கொண்டிருப்போம். இன்றைக்குப் பயிரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பயிர் வைக்கிற மனுஷனைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். தற்கொலையைத் தடுக்க ஊர் ஜனங்களையே பழக்கிய கதை இது. இதில் ஒரு பெரிய பங்கு நம்ம வேலூர்ப் பக்கத்துக்கு உண்டு. அது நம்மவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

மாதனூர் ஒன்றியத்தில் எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "தெளிச்சது போக மிச்சம் இருக்கிற பூச்சி மருந்தை எங்கேங்க வைக்கிறீங்க?" பதில்கள் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். "பரண் மேல சார்." "மாட்டுக்கொட்டாய் எரவாணத்துல சொருகி வச்சிருப்போம்." "பம்புசெட்டு ரூம்ல வச்சா எவனாச்சும் தூக்கிக்கினு போயிடுவான், அதான் வீட்லயே கட்டிலுக்கு அடியில." நூறு மில்லி தேவைப்படுகிற இடத்தில் அரை லிட்டர் வாங்குகிறோம். மிச்சம் அடுத்த பட்டத்துக்கு ஆகும் என்று வைக்கிறோம். அப்படி வீட்டுக்கு வீடு தங்கிவிட்ட பாட்டில்தான் இந்தக் கதையில் பாதி. மீதிப் பாதி, அந்த வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது.

மருந்துப் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற நிற முக்கோணத்திலிருந்தே தொடங்குகிறேன். அது நாட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பெரிய சாவு. 1958ல் கப்பலில் கோதுமை மாவோடு பூச்சி மருந்தும் வந்தது. மருந்து கசிந்து மாவில் கலந்துவிட்டது. கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் விசாரணை நடந்து, 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971ல் விதிகள் வந்தன. சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் மனதில் இருந்தது விபத்து. தெரியாமல் சாப்பிடுகிறவனுக்காகத்தான் மண்டை ஓடு படம் போட்டார்கள். மனசு உடைந்து கையை நீட்டுகிறவனுக்கு அந்தப் படம் எந்தத் தடையும் இல்லை. அவனைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது கணியம்பாடி. மாதனூரிலிருந்து வேலூர் போய், பாகாயம் தாண்டி, கண்ணமங்கலம் போகிற ரோட்டில் இருக்கிற ஒன்றியம் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை பல்லாண்டுகளாக அங்கே ஊர் ஊராக வேலை செய்தது. அந்த ஏற்பாடு எளிமையானது. ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் உண்டு. பெரும்பாலும் அந்த ஊரிலேயே குடியிருக்கிற பெண்தான். ஊரில் ஒரு குழந்தை பிறந்தாலும் ஒருவர் இறந்தாலும் முதலில் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லியதை மேலே இருக்கிற பணியாளர் சரிபார்ப்பார், அப்புறம் நர்ஸ், அப்புறம் டாக்டர். இறந்தவர் எதனால் இறந்தார் என்று வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதுவார்கள். போலீஸ் உடுப்பு போட்டவர் வந்து கேட்டால் "வயித்து வலிங்க" என்று முடித்துக்கொள்கிற வீடு, பத்து வருஷமாகத் தடுப்பூசிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போன அக்காவிடம் உண்மையைச் சொல்லும்.

அப்படி 1994 முதல் 1999 வரை எழுதிய கணக்கை டாக்டர் ஆபிரகாம் ஜோசப், டாக்டர் கே.எஸ். ஜேக்கப் முதலானவர்கள் 2003ல் வெளியிட்டார்கள். ஒரு லட்சத்து எட்டாயிரம் பேர் வாழ்கிற இடம். தற்கொலையால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக லட்சத்துக்கு 95 பேர். அந்தக் காலத்தில் அரசாங்கப் பதிவேடு நாடு முழுவதற்கும் சொன்ன கணக்கு லட்சத்துக்குப் பத்து, பதினொன்றுதான். அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கு வந்தது. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஆண் பிள்ளைகள் லட்சத்துக்கு 58, பெண் பிள்ளைகள் 148. உலகமே திரும்பிப் பார்த்தது. இதில் நாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மறைக்காமல் எழுதினார்களே, அது பெரிய காரியம். கணியம்பாடியில் மட்டும் ஜனங்கள் வேறு மாதிரி வாழ்ந்துவிடவில்லை. அங்கே சரியாக எண்ணினார்கள், மற்ற இடங்களில் எண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த ஒரு ஆய்வைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து இறந்த நூறு பேரின் கதையைத் தீர விசாரித்தார்கள். 2010ல் அது அச்சாயிற்று. அந்த நூறு பேரில், டாக்டர்கள் மனநோய் என்று பெயர் வைக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் 37 பேர் மட்டும். அதிலும் பெரும்பாலோர் குடியில் சிக்கியவர்கள், அல்லது ஒரு துன்பம் வந்து அதோடு ஒத்துப்போக முடியாமல் தவித்தவர்கள். மீதி 63 பேர்? உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். தீராத கஷ்டம், நாள்பட்ட உடம்பு வலி, தனிமை, சமீபத்தில் அறுந்துபோன ஒரு உறவு என்று காரணங்கள் வந்தன. "அவனுக்குப் புத்தி சரியில்ல, அதான்" என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அது தப்பு என்று அந்தக் கணக்கு காட்டிவிட்டது. எல்லோருமே மனநோயாளிகள் என்றால் வேலை டாக்டருடையது என்று நாம் ஒதுங்கிவிடலாம். அப்படி இல்லை என்றால் வேலை ஊருடையதும் ஆகிவிடுகிறது.

நம்ம பாலாற்றங்கரைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிக் கழிவு கிணற்றில் இறங்கி நிலம் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தண்ணீர் கெட்ட நிலத்தில் நெல் போய்த் தென்னை வந்தது, தென்னையும் சோடையாகி, வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறினார்கள். இப்போது ஒரே வீட்டில் நிலமும் இருக்கிறது, கம்பெனிச் சம்பளமும் இருக்கிறது, குழுக் கடனும் இருக்கிறது. கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் வாரத் தவணை நிற்கும், தவணை நின்றால் வாசலில் ஆள் நிற்கும். இராத்திரி எட்டு மணிக்கு வேனிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்கும், பகலெல்லாம் காய்ந்த கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிற ஆளுக்கும் நடுவில் ஒரு வார்த்தை முற்றினால், கைக்கு எட்டுகிற தூரத்தில் பரண் இருக்கிறது. அந்தக் கோபமும் துக்கமும் பெரும்பாலும் கொஞ்ச நேரத்து அலைதான். அந்த நேரம் கையில் எதுவும் சிக்காமல் கடந்துவிட்டால், அநேகம் பேர் உயிரோடு இருந்துவிடுகிறார்கள்.

இதை ஒரு நாடே சோதித்துப் பார்த்தது. பக்கத்தில் இருக்கிற இலங்கைதான். 1995ல் அங்கே தற்கொலைக் கணக்கு லட்சத்துக்கு 47, உலகத்தில் மிக உயரமான கணக்குகளில் ஒன்று. அதில் பெரும் பங்கு வயல் மருந்து. அந்நாட்டு அரசு 1984லிருந்தே கடும் நஞ்சான மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டு வந்தது. 1995ல் பெரிய தடை, 1998ல் ஒன்று, 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் மூன்று. மருந்துகளின் பெயரை நான் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன். இருபது ஆண்டுகளில் தற்கொலை ஏறக்குறைய எழுபது சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் மிஞ்சின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்ம கவலை என்ன? விளைச்சல் போய்விடுமோ என்பதுதான். விளைச்சல் விழவில்லை. அந்நாட்டின் பூச்சிக்கொல்லிப் பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் மற்றவர்களும் நெல் விளைச்சல் கணக்கையும் சேர்த்தே போட்டுக் காட்டினார்கள். நஞ்சு குறைந்த மாற்று மருந்து இருந்தது, பூச்சியும் கட்டுப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2023 வாக்கில் அரசு ஆறு மருந்துகளின் விற்பனையை இந்தக் காரணத்துக்காகவே 60 நாள் நிறுத்தி வைத்தது. எலி பேஸ்ட் ஒன்றுக்கு நிரந்தரத் தடையும் போட்டது. அறுபது நாள் என்பது ஒரு தொடக்கம், அதற்கு மேல் அதைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை.

தடை அரசாங்கத்தின் வேலை. ஊர் என்ன செய்யலாம்? இங்கேதான் காட்டுமன்னார்கோயில் வருகிறது. சென்னையில் 1986லிருந்து நடக்கிற 'சினேகா' என்கிற தற்கொலைத் தடுப்பு நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் அங்கே சில கிராமங்களில் இறங்கினார்கள். முதலில் ஊர்க்காரர்களை உட்கார வைத்துப் பேசினார்கள். பிறகு இரண்டு கிராமங்களில் மருந்துக்கென்று பொதுவாக ஒரு கட்டடம் எழும்பியது. உள்ளே வங்கி லாக்கர் மாதிரி பூட்டுப் போட்ட பெட்டிகள் இருந்தன. உங்கள் மருந்து உங்கள் பெட்டியில். தெளிக்கிற அன்றைக்கு வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள். 2013ல் முடிவு வெளிவந்தது. கட்டடம் இருந்த கிராமங்களில் மருந்தால் நடந்த சாவும் முயற்சியும் நன்றாகக் குறைந்திருந்தன. மற்ற கிராமங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 295. சின்ன ஆய்வுதான், இரண்டே ஊர்தான். ஆனால் விவசாயிகள் ஒத்துக்கொள்வார்களா என்ற சந்தேகத்துக்கு அது பதில் சொல்லியது. வந்தார்கள், வைத்தார்கள், எடுத்தார்கள்.

இதைக் கேட்டதும், "அட, இதுக்கு எதுக்குக் கட்டடம்? வீட்லயே ஒரு பூட்டுப் பெட்டி வாங்கி வச்சா ஆச்சு" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். இலங்கையில் அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பாதி கிராமங்களில் விவசாயம் செய்கிற வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், பாதிக்குக் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் பார்த்துவிட்டு 2017ல் முடிவைச் சொன்னார்கள். பலன் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே கணக்கு. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில், சாவி தொங்குகிற ஆணி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காட்டுமன்னார்கோயிலில் நடுவில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, நடந்து போக வேண்டிய தூரம். இன்னொன்று, அங்கே உட்கார்ந்திருந்து முகத்தைப் பார்க்கிற ஒரு மனுஷன். எனக்கென்னவோ தூரத்தைவிட அந்த மனுஷனே பெரிசாகத் தெரிகிறார்.

அந்த மாதிரி மனுஷரைத் தயார் செய்வது எப்படி என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1953ல் லண்டனில் சாட் வாரா என்ற ஒரு பாதிரியார், மனம் நொந்தவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு டெலிபோன் எண்ணை அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருக்கிறவர்களுக்கு டீ கொடுத்து உட்கார வைக்க அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவரோடு பேசிவிட்டு, தன்னைப் பார்க்காமலே மனம் ஆறிப் போய்விடுகிறவர்கள் நிறைய. மறு ஆண்டே அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சென்னை சினேகாவும் இதே வழிதான். அங்கே டெலிபோனை எடுக்கிறவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற தொண்டர்.

நம் நாட்டில் கிராமத்துக்கு இதைக் கொண்டுபோன கதை தனி. 1975 வாக்கில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை சக்கலவாரா என்ற கிராமப் பகுதியிலும், சண்டிகர் டாக்டர்கள் ஹரியானாவில் ராய்ப்பூர் ராணியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் ஊழியர்களுக்கும் மனநலப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெல்லாரி மாவட்டத்தில் 1985லிருந்து நடத்திப் பார்த்து, 1996ல் மாவட்டத் திட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் முதலில் திருச்சி. திட்டம் என்று சொன்னால் மாத்திரையும் முகாமும்தான் முன்னால் வந்தன, பேச்சுத் துணை பின்னால்தான் வந்தது.

பேச்சுத் துணைக்கு என்ன பலன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தது. சென்னையும் அதில் ஒரு இடம். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை, டாக்டரோ நர்ஸோ மனநலப் பணியாளரோ வீட்டுக்குப் போயோ போன் செய்தோ "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது. அவ்வளவுதான். 2008ல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பின்னால் தற்கொலையால் இறந்தவர்கள் நூற்றுக்கு 2.2, விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. டாக்டர் இல்லாமல் இது நடக்குமா? தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் அதையும் பார்த்தார்கள். முகாமில் வாழ்கிறவர்களிலிருந்தே தொண்டர்களைப் பழக்கி, கஷ்டத்தில் இருப்பவரை அடிக்கடி போய்ப் பார்க்கச் சொன்னார்கள். மனசு தாங்காத நேரத்தில் யாரிடம் போவது, எதைக் கையெட்டாமல் வைப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் உதவினார்கள். 2017ல் வந்த முடிவு அங்கேயும் நல்லதாகவே இருந்தது.

ஒரு பெரிய முட்டுக்கட்டையைச் சொல்லாமல் விடக்கூடாது. சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு, உயிரை விட முயன்றவனுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் என்றது. வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. அந்தப் பயத்தில் எத்தனை வீடுகள் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக ஓடியிருக்கும்! "போலீஸ் கேஸாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே உயிர் போயிருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் பொறுப்பு என்று அது சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. ஆகவே இனி யாரும் பயந்து மறைக்க வேண்டாம். தயங்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைப்பது, உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் என்று கை வைத்தியம் எதுவும் வேண்டாம். மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு நேரம் மிச்சம்.

சரி, பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? கேட்டால் "இவ்வளவுதானா?" என்று இருக்கும். செய்வதுதான் கஷ்டம். முதல் பாடம் வாயை மூடிக்கொண்டு கேட்பது. நம்ம வழக்கம் என்ன? ஒருவர் அழுதால் உடனே, "என்னத்துக்குமா அழுவுற, புள்ளைங்க மூஞ்சியப் பாரு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று அடைத்துவிடுகிறோம். அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது, நேராகக் கேட்பது. "அண்ணே, செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டதும் பாரம் இறங்கி மடை திறந்த மாதிரி பேசுகிறவர்களே அதிகம். ஆம் என்றால் தனியாக விடக்கூடாது. வீட்டில் இருக்கிற மருந்தை அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூடவே போக வேண்டும். மறு வாரம் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். உபதேசம், திட்டு, "உனக்கெல்லாம் என்ன கஷ்டம்" என்ற ஒப்பீடு மட்டும் கூடாது. குடிக்கிறவராக இருந்தால் குடி இறங்கின நேரத்தில் பேச வேண்டும்.

இதற்கு யார் பொருத்தம் என்று யோசித்தால், படித்தவர் என்பதைவிட ஜனங்கள் தினம் பார்க்கிற ஆள் என்பதுதான் முக்கியம். பால் சங்கத்தில் பால் ஊற்ற நிற்கிற இடம், மகளிர் குழுத் தலைவி, ஷூ கம்பெனி வேன் டிரைவர், ரேஷன் கடை, சத்துணவு அமைப்பாளர். அதிலும் பூச்சி மருந்துக் கடைக்காரரை நான் தனியாகச் சொல்வேன். எந்தப் பயிருக்கு என்று சொல்லத் தெரியாமல், முகம் வாடி, பொழுது சாய்ந்த நேரத்தில் தனியாக வந்து மருந்து கேட்கிற ஆளை அவருக்கு அடையாளம் தெரியும். "நாளைக்கு வாங்க, ஸ்டாக் இல்ல, இப்ப ஒரு டீ சாப்பிடுங்க" என்று சொல்ல எந்த லைசென்ஸும் தடை போடாது.

நம்ம ஒன்றியத்தில் பொது மருந்து அறை வைக்க விரும்புகிற ஊர்கள் புதுக் கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் ஜன்னல் உள்ள, காற்றோட்டமான, விதையும் தீவனமும் இல்லாத ஒரு அறை கிடைத்தால் போதும். சிமெண்டுத் தரை, இரும்பு ரேக், பெயர் எழுதிய பெட்டிகள், ஒரு நோட்டு, சாவி வைத்துக்கொள்ள நிதானமான ஒரு ஆள். அந்த ஆளுக்குத்தான் முதலில் பயிற்சி. அதுவரைக்கும், ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அந்தத் தெளிப்புக்கு ஆகிற அளவு சின்ன பாட்டிலாக வாங்குங்கள். பக்கத்து வயல்காரரோடு பங்கு போட்டு வாங்கி அன்றைக்கே தீர்த்துவிடுவது இன்னும் நல்லது. காசும் மிச்சம்.

பேச ஆள் வேண்டும் என்றால், அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சென்னை சினேகா 044-24640050. காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பரண் ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.